ரேடியேட்டர் சத்தம்: காற்றை எடுப்பதா, ஃபிளஷ் செய்வதா, பம்பைக் குறைப்பதா?

லண்டனில் குளிர் தொடங்கி முதன்முதலாக ஹீட்டிங் போடும் நாளில்தான், பாய்லர் சூடாக்கி அனுப்பும் தண்ணீரால் அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர்கள் பேச ஆரம்பிக்கும். "காற்றை எடுத்தால் போதும்" என்பார் ஒருவர். "பவர் ஃபிளஷ் செய்தே ஆகவேண்டும்", அதாவது இயந்திரத்தால் வேகமாகத் தண்ணீர் செலுத்திக் குழாய்களையெல்லாம் கழுவவேண்டும், என்பார் இன்னொருவர். முன்னதற்குச் சிறு சாவி ஒன்று போதும், பின்னதற்குக் கணிசமாகப் பணம் போகும். அதனால் முதலில் காதையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று. கீழ்ப்பகுதி, அதிலும் நடுப்பகுதி, குளிர்ந்திருந்தால் கறுப்புச் சேறு படிந்திருக்கிறது. காற்றென்றால் ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, மேல்முனைத் திருகைச் சாவியால் மெல்லத் திறந்து, தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடலாம். மேல்தொட்டி இல்லாமல் நேரே குழாய்நீரால் நிரப்பும் மூடிய அமைப்பாக இருந்தால் பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்து, குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் (bar) இருக்கும்படி நிரப்ப வேண்டும்.

ஆனால் மாதாமாதம் இதையே செய்கிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் உள்ளே போகிறது. எஃகு ரேடியேட்டரை அது மேலும் அரிக்கிறது. அடிக்கடி சேரும் அந்த வாயு காற்றாக இல்லாமல், அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். அது தீப்பற்றும், அருகில் சிகரெட்டோ மெழுகுவத்தியோ கூடாது. இங்கே கசிவைத் தேடி அடைத்து, துருத்தடுப்பு மருந்தான இன்ஹிபிட்டரைச் சேர்ப்பதுதான் தீர்வு.

ஒரே ரேடியேட்டரில் சேறென்றால் முழு வீட்டுக்கும் ஃபிளஷ் வேண்டாம் என்பது என் கருத்து. அதை மட்டும் கழற்றித் தோட்டத்தில் ஹோஸ் வைத்துக் கழுவலாம். பல அறைகளில் அதே நிலை என்றால் ஃபிளஷ் நியாயம். கூடவே, துருத்துகளைப் பிடித்துவைக்கும் காந்த வடிகட்டியும் வைக்கச் சொல்லுங்கள். துருவால் மெலிந்துபோன பழைய ரேடியேட்டர்கள் ஃபிளஷ்ஷுக்குப் பிறகு ஒழுகக்கூடும், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும் வரும் டிக் டிக் சத்தத்துக்கு ஃபிளஷ் எதுவும் செய்யாது. 10 மீட்டர் செம்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் நீளும். மரச்சட்டத்தில் உரசித்தான் அந்தச் சத்தம். தரைப்பலகையைத் தூக்கிக் குழாய்க்கடியில் ஃபெல்ட் செருகலாம். அதற்கு முன் பாய்லரின் தண்ணீர் வெப்பநிலையைக் குறைத்துப் பாருங்கள், சிலிண்டர் இல்லாமல் குழாயைத் திறந்ததும் சுடுநீர் தரும் காம்பி பாய்லருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். சுடுநீரைச் சேமிக்கும் சிலிண்டர் இருந்தால் மட்டும் கவனம்: லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க அதிலுள்ள நீர் 60 டிகிரியாவது எட்டவேண்டும்.

உஸ்ஸென்ற சீறல் வால்விலிருந்து வந்தால், பம்ப் வேகத்தை ஒரு படி குறைத்து, லாக்‌ஷீல்டு வால்வுகளை, அதாவது ரேடியேட்டரின் மறுமுனையில் மூடிக்குள் இருப்பவற்றை, திருகி நீரோட்டத்தைச் சமன்செய்தால் பெரும்பாலும் அடங்கும். அறை வெப்பத்துக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு மூடிவரும்போது படபடவென்று அடித்தால் அது நீரோட்டத்துக்குத் திசைமாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். இரு திசைக்கும் ஏற்ற வால்வாக மாற்றிவிடுவது நல்லது.

பாய்லரே கெட்டில் கொதிப்பதுபோல் இரைந்தால் தண்ணீரைச் சூடாக்கும் பாகமான வெப்பமாற்றியில் சுண்ணாம்போ சேறோ படிந்திருக்கும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். பாய்லருக்குள் நீங்கள் கைவைக்காதீர்கள். எரிவாயு வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப்பில் பதிவுள்ளவரை அழையுங்கள், வந்ததும் அவரது அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.