ஜேர்மனிப் படிப்புக்கு ஆலோசனை: காசுக் கணக்கில்தான் குறை

தம்பியை ஜேர்மனிக்கு அனுப்ப, அம்மாவோடு யாழ்ப்பாண நகரில் ஓர் ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். பிளேன்டீ தந்து ஆறுதலாகக் கதைத்தார்கள். பல்கலைக்கழகத் தெரிவு, மொழிச் சோதனை, ஆவண ஒழுங்கு எல்லாம் சுத்தம்.

காசுக் கணக்கு வந்ததும் மழுப்பல். “படிப்பு இலவசம் அக்கா, பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம்” என்றார் அங்கிருந்த ஆலோசகர். பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் எங்களைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு என்பதை நான் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். 2024 செப்டெம்பரிலிருந்து விசாவுக்கு வங்கியில் முடக்கிக் காட்டவேண்டிய ஓராண்டுக் காசு 11,904 யூரோ. அதில் மாதம் 992 தான் எடுக்கலாம்; மியூனிக் என்றால் அறை வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். வேலையும் ஆண்டுக்கு 140 முழுநாள்தான் செய்யலாம்.

அம்மா தாலிக்கொடியைக் கைலேஞ்சியில் முடிந்து மடியில் வைத்திருந்தார், அடகு வைக்க. அதைப் பார்த்துக்கொண்டே, இதொன்றும் தாங்களாகச் சொல்லாமல் முற்பணம் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆவண வேலைக்குப் போகலாம். செலவுக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். முற்பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். நாங்கள் கட்டாமல் வந்துவிட்டோம்.