பிரெஞ்சு வகுப்புக்குப் படக்கதை: தெரிந்த கதையா, பிரெஞ்சு மூலமா?

இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 2014 முதல் 7–11 வயதினருக்கு வேற்றுமொழி கட்டாயம். பல பள்ளிகளில் அது பிரெஞ்சு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்த கதையின் மொழிபெயர்ப்பா, பிரான்சில் எழுதிய கதையா என்பதில்தான் ஆசிரியர்களுக்குத் தயக்கம்.

புரிதல்
மொழிபெயர்ப்பு: கதை தெரியும், பயமில்லை. ஆனால் காதால் கேட்காமல் நினைவிலிருந்தே பதில் சொல்லிவிடுவார்கள்.
மூலம்: படத்தை வைத்து ஊகிக்க வேண்டும், அதனால் உன்னிப்பாகக் கேட்பார்கள்.

மொழி
மொழிபெயர்ப்பு: எதுகைக்காக அரிய சொற்கள் நுழைந்துவிடும்.
மூலம்: 'இல் மான்ஜ்' (அவன் சாப்பிடுகிறான்) என்று கற்றவர்களுக்கு, கதைநடையின் இறந்தகாலமான 'இல் மான்ஜா' குழப்பும். சில நூல்கள் கூட்டெழுத்தில் (கையெழுத்துப் போல எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து) அச்சாகியிருக்கும். புரட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எதுவானாலும் எழுத்தை முதலில் காட்டாதீர்கள். காட்டினால் 'பெத்தி' (சிறிய) என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் 'பெட்டிட்' என்றே படிப்பார்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. முதல் வாசிப்பில் வரிகளைத் தாளால் மூடிப் படம் மட்டும். இரண்டாவதில், திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகள் சைகையோடு சொல்லட்டும். மூன்றாவதில் எழுத்து. ஒரு கதைக்கு எட்டுப் புதுச் சொற்கள் போதும்.

பிரெஞ்சு கற்கும் முதலாம் ஆண்டுக்கும், அம்மொழியில் இன்னும் தடுமாறும் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பு. இரண்டாண்டு கற்ற வகுப்புக்கு மூலம்.