திகதியோடு வாங்கோ

லண்டனில் இருந்து யாழ்ப்பாணம் போன மூன்று கிழமையில் மூன்று நாள் பழைய பத்திரிகைகளில் ஒரு மரண அறிவித்தலைத் தேடவே போயிற்று. என் பூட்டன் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊர் திரும்பி, வண்ணார்பண்ணையில் இறந்தவர். அவர் ஓய்வு பெற்ற செய்தி ஏற்கெனவே கையில் இருந்தது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டி அடித்தேன், மூன்றாவதில் அகப்பட்டார். அந்தப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைச் சொல் போட்டே தேடலாம்.

தமிழிலும் அப்படி இருக்கும் என்று நினைத்ததுதான் பிழை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற தளத்தில் ஈழகேசரி முதலான பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகள் இதழ் இதழாக, திகதி போட்டுக் கிடக்கின்றன. 2005 முதல் செய்துவரும் பெரிய வேலை. ஆனால் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். பெயரை அடித்தால் உள்ளே போய்ப் பார்க்காது. எழுத்துணரி மென்பொருளில் சில பக்கங்களைப் போட்டேன். லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து, மென்பொருள் திணறிவிட்டது. போதாக்குறைக்கு, வண்ணார்பண்ணையை அந்தக் காலத்தில் வண்ணை என்றும் எழுதுவார்கள்.

சரி, தாளையே பார்ப்போம் என்று ஊரில் ஒரு வாசிகசாலைக்குப் போனேன். முதல் நாள் பொறுப்பானவர் லீவு. அடுத்த நாள் கடிதம் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் கடிதத்தோடு போனால் கரண்ட் இல்லை. அங்கிருந்த தம்பி ஒருவர்தான் இருட்டில் நின்று சொன்னார்: “பேரைத் தேடாதேங்கோ அண்ணை, திகதியோடு வாங்கோ.”

திகதி எனக்கு எங்கே தெரியும்? மாமியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை: “தாது வருசம், மாசி, தேய்பிறைத் தசமி. உன்ர கொப்பர் திவசம் செய்தவர் எல்லோ.”

தாது வருடம் 1936 சித்திரையில் தொடங்கியது. மாசித் தேய்பிறைத் தசமி என்றால் 1937 மார்ச் முதல் பத்து நாளுக்குள். விறாந்தையில் இருந்தபடி கைபேசியிலேயே அந்த மாதத்து இதழ்களை இறக்கினேன். ஈழகேசரியில் கண்ணில் படவில்லை. இன்னொரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், தலைவலி மருந்து விளம்பரத்துக்குக் கீழே ஐந்து வரி. ‘வண்ணை, மலாயன் பென்சனியர்’ என்று தொடங்கியது. பெயரின் முதலெழுத்தைப் பிழையாக அடித்திருந்தார்கள்.

மாமிக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். “தசமி எண்டு போட்டிருக்கோ?” என்று கேட்டார். இல்லை, சென்ற ஞாயிறு என்றுதான் இருந்தது. உடனே பழைய நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னார்.