செல்லூர் மாடி அறையில் ஒரு வருடம் ஓடிய 749 ரூபாய் கெட்டில்

போன செப்டம்பரில் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்கில் விழுந்த முதல் ஆயிரம் ரூபாய் இதற்குத்தான் போனது. மிச்சத்தில் கொஞ்சம் அன்றைக்கே விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவாகக் கரைந்தது, அது வேறு கணக்கு. கம்பெனி பெயர் வேண்டாம். ஒன்றரை லிட்டர், 1500 வாட், ஸ்டீல் உடம்பு, கறுப்பு மூடி என்று கேட்டால் இதே அச்சில் நாலைந்து பெயரில் எடுத்து வைப்பார்கள்.

சின்னமனூரிலிருந்து வந்து செல்லூரில் ஒரு மாடி அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். காஸ் அடுப்பு கூடாது, ஹீட்டர் கூடாது, ஆண் உறவினர் மாடி ஏறக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். கெட்டிலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிவிட்டேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயர் ரொம்பக் குட்டை, முழுசாக இரண்டு அடி இருந்தால் அதிகம். ப்ளக் தடித்த பின் வகை. எங்கள் அறையில் அதற்கான பெரிய பாயின்ட் ஒன்றே ஒன்று, கதவுக்குப் பின்னால். கெட்டில் தரையில், கதவு பாதி திறந்தபடி, யாராவது வேகமாக உள்ளே வந்தால் அவ்வளவுதான். இதற்குப் பயந்து முதல் வாரம் ஒரு மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினோம். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் உருகும் வாடை. 1500-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. சாதாரண சின்ன பாயின்ட் ஆறு ஆம்பியருக்குத்தான். இயற்பியல் படிக்கிற பெண், வாடை வந்த பிறகுதான் வகுத்துப் பார்த்தேன்.

மூடி நாலாம் மாதமே தளர்ந்துவிட்டது. அது சும்மா அழகுக்கு இருக்கிற மூடி இல்லை. தண்ணீர் கொதித்து நீராவி கைப்பிடிப் பக்கம் போய், இரண்டு உலோகம் ஒட்டிய சின்னத் தகட்டைச் சுட வைக்கும். தகடு வளைந்தால்தான் ஸ்விட்ச் அணையும். மூடி சரியாக உட்காராவிட்டால் நீராவி மேலே போய்விடும், கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். இப்போது ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறோம்.

மேகி போடாதீர்கள், பால் காய்ச்சாதீர்கள். இரண்டையும் செய்தோம், அடியில் பிடித்த வாடை பரீட்சை வரை போகவில்லை. முட்டை வேகும்: தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவிட்டு, அணைந்ததும் மூடியபடியே பன்னிரண்டு நிமிடம் விட்டால் போதும். போர் தண்ணீர் ஊற்றினால் இரண்டே வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டால் கழன்றுவிடும்.

இனி நான் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்பது. முதல் செமஸ்டரில் மேடம் ‘ஸ்பெசிஃபிக் ஹீட்’ என்று ஒரு மணி நேரம் நடத்தினார். நான் அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு வந்தேன், ஒன்றும் ஏறவில்லை. பக்கத்துப் பெண்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அந்த வாரம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஊர் பஸ் ஏறிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். ஒரு ராத்திரி கெட்டில் கொதிக்கக் காத்திருந்தபோதுதான், அடடா, இது நம்ம தன்வெப்ப ஏற்புத்திறன் அல்லவா என்று உறைத்தது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சுட வைக்க 4200 ஜூல். ஒன்றரை கிலோ, 30 டிகிரியிலிருந்து 100 வரை என்று பெருக்கினால் 4,41,000 ஜூல். 1500 வாட் என்றால் வினாடிக்கு 1500 ஜூல், அதால் வகுத்தால் 294 வினாடி. செல்போனில் நேரம் பார்த்தேன்: 320. மீதி 26 வினாடி ஸ்டீலைச் சுட வைக்கவும் காற்றுக்கும் போனது. அடுத்த மாதம் செமினாருக்கு இதையே எடுத்துக்கொண்டு போய், நடுங்கிய ஆங்கிலத்தில் ஏழு நிமிடம் பேசினேன். மேடம் கேட்ட ஒரே கேள்வி, “ஹாஸ்டல்ல கெட்டில் அலவ் பண்றாங்களா?”

அப்புறம் கரண்ட் பஞ்சாயத்து. மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிற வீட்டுக்கார அம்மா, தைப்பொங்கல் முடிந்து வந்ததும் கெட்டிலுக்குத் தனியாக மாதம் முந்நூறு கேட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஒரு முறை முழுசாகக் கொதிக்க 0.13 யூனிட், ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். நாளைக்கு நாலு முறை என்றாலும் மாதம் 130 ரூபாய்க்குள். அதுவும் மீட்டரில் ஏற்கெனவே ஓடிவிடுகிறது, தனியாக எதற்கு என்று கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டை இரண்டு தடவை பார்த்தார்.

“இதத்தான் பாப்பா காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப எங்க ஃப்ரிட்ஜுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடு.”

முந்நூறு பேச்சு அதோடு போனது. ஃப்ரிட்ஜ் கணக்கு இன்னும் பாக்கி. அது விட்டுவிட்டு ஓடுவதால் கெட்டில் மாதிரி சுலபமாக வகுக்க முடியவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மூடி ஒழுங்காக இருந்திருந்தால் நாலு.