வஞ்சினம் உரைத்த பாலடின் பூசாரி பேச்சைக் கேட்க வேண்டுமா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இப்படி ஒரு காட்சி. ஊரையே கொளுத்திய ஒருவன் இல்மேட்டர் கோயிலுக்குள் ஓடி ஆயுதத்தைக் கீழே போடுகிறான். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அதன் கற்பனை உலகில் இல்மேட்டர் பிறர் துன்பத்தைத் தான் சுமக்கும் கடவுள். அதனால் பூசாரி அடைக்கலம் தந்துவிடுகிறார். அவனைக் கொல்வதாகச் சபதம் எடுத்த பாலடின், அதாவது தெய்வீக சக்தி பெற்ற புனித வீரன், வாசலில் நிற்கிறான். உள்ளே புகுந்து வெட்டினால் அது மத அதிகாரத்தை மீறுவதா? எந்தப் பதிப்பை வைத்து ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

1978 விதிப்புத்தகத்தில் தண்டனை பற்றி வாதத்துக்கே இடமில்லை. தெரிந்தே ஒழுங்கை மீறினால், ஏழாம் லெவலாவது எட்டிய, ஒழுங்கும் நன்மையும் பேணும் 'லாஃபுல் குட்' வகை கிளெரிக்கிடம் (பூசாரியிடம்) போய்ப் பாவத்தை ஒப்புக்கொண்டு பிராயச்சித்தம் செய்யவேண்டும். வேண்டுமென்றே தீமை செய்தால் பாலடின் தகுதி போனது போனதுதான். ஆனால் சரணடைந்தவனை வெட்டுவது இதில் எந்த வகை என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் முடிவு செய்வார். ஆட்டம் பாதியில் நின்று சண்டை தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதை அப்படியே புரட்டிப் போட்டது. ஒருமுறை தீட்சை கொடுத்துவிட்டால் சக்தியை யாராலும் திரும்ப வாங்க முடியாது. தடம் மாறியவனைத் தண்டிப்பது சக பக்தர்களின் வேலை.

2014-இன் ஐந்தாம் பதிப்புதான் சுவாரஸ்யம். பாலடினின் சக்தி கடவுளிடமிருந்து வருகிற அளவுக்கு நீதியின் மீதுள்ள உறுதியிலிருந்தும் வருகிறது என்கிறது விதி. மூன்றாம் லெவலில் எடுக்கும் சபதங்களில் ஒன்று பழிவாங்கல். நமக்குத்தான் 'வஞ்சினம்' என்று அழகான சொல் இருக்கிறதே! சாதாரண எதிரிக்குக் கருணை காட்டலாம், யாரைப் பழிவாங்கச் சபதம் எடுத்தானோ அந்த எதிரிக்குக் கூடாது என்பது அதன் நான்கு கட்டளைகளில் ஒன்று. ஆக, பூசாரி பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனால்தான் இவன் சபதத்தை முறிக்கிறான். கூத்து அப்புறம்தான். சபதம் முறித்த பாலடின் பொதுவாகத் தன் மதத்துக் கிளெரிக்கிடமோ, தன் அமைப்பைச் சேர்ந்த இன்னொரு பாலடினிடமோ மன்னிப்பு தேடுவான் என்கிறது அதே புத்தகம். இவனும் இல்மேட்டர் பக்தன் என்றால், கருணை காட்டியதற்காக இல்மேட்டர் பூசாரியிடமே போய் மன்னிப்பு கேட்டால் அவர் முகம் எப்படி இருக்கும்?

பழிவாங்கும் பாலடினை ஆட 2014 விதியே என் தேர்வு. கோயிலுக்கு அவன் சபதத்தின் மேல் அதிகாரம் இல்லை, ஆகவே மீறல் என்ற பேச்சும் இல்லை. ஆனால் வெட்டிவிட்டு ஹாயாக நடந்துபோக விடமாட்டேன். அதற்கு 2008-ஐக் கடன் வாங்குவேன். சக்தியில் கை வைக்கமாட்டேன். மறுநாள் அந்த ஊரில் எந்தக் கோயிலும் அவன் காயத்துக்கு மருந்து போடாது, கூட வரும் கிளெரிக் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.