வாசலில் குழாய்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

கிராமத்து வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்து மூன்று வருடம் ஆகிறது. 2019-இல் அறிவித்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றார்கள். நாங்கள் நாலு பேர், 220 லிட்டர். குடக்கணக்கில் பதினான்கு, பதினைந்து வரும். தெருக்குழாயில் ஆறு குடத்துக்கு மேல் நான் பிடித்ததே இல்லை. அதற்கே வரிசையில் சண்டை.

செலவு? மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போடுகின்றன. ஊருக்குள் ஆகும் வேலைக்கு மக்கள் பங்கு 10 சதவீதம், பட்டியலின மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊருக்கு 5. கையில் காசில்லாதவர்கள் உழைப்பாகவும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பள்ளம் தோண்டியது என் வீட்டுக்காரர்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒப்பந்தக்காரர் குழாயை முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குடம் அடியில் நிற்காது. சாய்த்துப் பிடித்தால் பாதி தண்ணீர் மண்ணுக்கு. கடைசியில் அரை அடி ஓஸ் வாங்கிச் சைக்கிள் டியூபால் கட்டினேன். மேட்டுத் தெருவில் சிலர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் எங்களுக்குச் சொட்டுத்தான். தண்ணீர் விடும் அண்ணனிடம் சொன்னால், "நான் என்னம்மா பண்ண?" என்பார்.

அப்புறம் ஒன்று. இப்போது என் பெண் ஏழரை மணிக்கு ஜடை பின்னி உட்கார்ந்திருக்கிறாள். முன்பெல்லாம் அந்நேரம் அவள் இடுப்பில் குடம் இருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை. மோட்டாரைப் பிடுங்கினால் நாலரை தருவேன்.