வெந்நீர்க் கோப்பையில் ஓடும் ஸ்டெர்லிங் இயந்திரம்: ஒரு தொகுப்பை வாங்கி அளந்து பார்த்த அனுபவம்

வெந்நீர் நிரம்பிய கோப்பையின் மேல் வைத்தால், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் காற்றின் விசையால் சுழலும் சிறிய ஸ்டெர்லிங் இயந்திரத்தைப் பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை 3,200 ரூபாய் கொடுத்து வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. வேடிக்கை பார்ப்பதற்காக நான் இதை வாங்கவில்லை. வீட்டிலேயே செய்த என் இயந்திரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் அடம்பிடித்ததால், ஓடுகிற ஒன்றை அருகில் வைத்து அளந்தால்தான் தவறு பிடிபடும் என்று தோன்றியது. ஆகவே, இந்த மதிப்புரை மேசை அலங்காரம் தேடுவோரைவிட, சொந்தக் கையால் ஒன்றைச் செய்து ஓட்ட நினைப்பவர்களுக்கே அதிகம் பயன்படும்.

பெட்டிக்குள் இரண்டு வட்டமான அலுமினியத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே நிற்கும் அக்ரிலிக் வளையம், அதற்குள் மேலும் கீழும் போய்வரும் தெர்மாகோல் போன்ற நுரைத் தட்டு, கண்ணாடிச் சிலிண்டர், கிராஃபைட் பிஸ்டன், சக்கரம், இரண்டு சிறிய பேரிங்குகள், கம்பிகள், திருகுகள் ஆகியவை இருந்தன. நுரைத் தட்டு வளையத்தின் சுவரைத் தொடாது. அதைச் சுற்றிலும் காற்று நழுவிச் செல்ல இடைவெளி உண்டு. தட்டு மேலே போகும்போது உள்ளிருக்கும் காற்று கீழ்த்தட்டின் சூட்டில் விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தட்டு கீழே வரும்போது அதே காற்று மேல்தட்டின் குளிர்ச்சியில் சுருங்க, வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே அழுத்துகிறது. இவ்விரண்டும் கால் சுற்று வித்தியாசத்தில் நடக்கும்படி கிராங்க், அதாவது மேல்கீழ் அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும் கை, அமைக்கப்பட்டிருக்கிறது. பொருத்துவதற்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் பாதி, உடன் வந்த மங்கலான படத்தைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது.

கொடுத்த பணம் வெர்னியர் என்னும் நுண் அளவுகோலைக் கையில் எடுத்தபோதுதான் செரித்தது. நுரைத் தட்டு இயங்கும் அறையின் விட்டம் 80 மி.மீ., தட்டின் ஓட்டம் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம்) 6 மி.மீ.; அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும் சுமார் 30 கன செ.மீ. காற்று இடம் மாறுகிறது. பிஸ்டனின் விட்டம் 16 மி.மீ., ஓட்டம் 8 மி.மீ.; அது விழுங்கும் கொள்ளளவு 1.6 கன செ.மீ. மட்டுமே. என் இயந்திரத்திலும் அறை ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் பிஸ்டன் பெரிதானால் விசை கூடும் என்று எண்ணி, பழைய கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை வைத்து 20 மி.மீ. விட்டமும் 14 மி.மீ. ஓட்டமும் கொடுத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் 4.4 கன செ.மீ. வருகிறது. வெந்நீர் தரும் சொற்ப வெப்பத்தால் காற்று அவ்வளவு விரிவதில்லை. எனவே சக்கரம் தன் வேகத்தை எல்லாம் காற்றை அமுக்குவதிலேயே இழந்து நின்றுவிட்டது.

வெந்நீரின் சூட்டுக்கே ஓடும் இந்த வகை ஸ்டெர்லிங் இயந்திரத்தை 1983-ல் முதன்முதலாக ஓட்டிக் காட்டிய, குரோஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஐவோ கோலின் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்திருக்கிறார். இரு தட்டுகளுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தை 1100-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால், தகுந்த அமுக்க விகிதம், அதாவது உள்ளிருக்கும் காற்றின் மிகப் பெரிய கொள்ளளவை மிகச் சிறிய கொள்ளளவால் வகுத்தது, கிடைக்கும். 60 பாகை செல்சியஸ் வித்தியாசத்துக்கு அது 1.055; அதாவது பிஸ்டனின் கொள்ளளவு, அறையின் 30 கன செ.மீ.-இல் ஐந்தரை சதவீதமாக, 1.65 கன செ.மீ. இருக்க வேண்டும். தொகுப்பை வடிவமைத்தவர் இதை அறிந்தே செய்திருக்கிறார் என்பது அளவுகளிலேயே தெரிகிறது. நான் என் கிராங்கில் மையத்திலிருந்து 7 மி.மீ. தொலைவில் இருந்த துளையை விட்டுவிட்டு, 2.5 மி.மீ. தொலைவில் புதிதாக ஒன்று போட்டேன்; பிஸ்டனின் ஓட்டம் 14-லிருந்து 5 மி.மீ. ஆகவும், கொள்ளளவு சுமார் 1.6 கன செ.மீ. ஆகவும் குறைந்தது. வேறு எதையும் மாற்றவில்லை. அன்று மாலையே இயந்திரம் ஓடியது.

தொகுப்பின் ஓட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கொதித்து இறக்கிய நீரின் மேல் வைத்து அரை நிமிடம் காத்திருந்து, சக்கரத்தை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சுற்றுகள் சுற்றுகிறது. எவர்சில்வர் டம்ளரைவிடப் பீங்கான் கோப்பையில் நீண்ட நேரம் ஓடுகிறது. கோடையில் மேல்தட்டும் சூடேறி வேகம் தளரும்போது அதன்மேல் ஈரத்துணியைப் போட்டால், வாடிய மாடு தண்ணீர் கண்டதுபோல உடனே நடை கூடுகிறது. பனிக்கட்டியின் மேல் வைத்தால் எதிர்த்திசையில் சுழல்கிறது. வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டிய பிறகுதான், ஓட்டத்துக்குத் தேவை சூடு அல்ல, சூட்டின் வித்தியாசம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வேலை வாங்கலாம் என்று மட்டும் எவரும் எதிர்பார்க்க வேண்டாம். 90 பாகை நீருக்கும் 30 பாகை அறைக்கும் இடையில் எந்த இயந்திரமும் எட்டக்கூடிய உச்சத் திறனே சுமார் 16 சதவீதம்தான்; உராய்வும் வெப்பக் கசிவும் போக மிஞ்சுவது தன் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளவே போதுமானது.

குறைகளில் முதலாவது, இரு தட்டுகளையும் இணைக்கும் இரும்புத் திருகுகள். கீழ்த்தட்டின் சூட்டை அவையே மேல்தட்டுக்குக் கடத்துகின்றன. நைலான் திருகுகள் தந்திருந்தால் விற்பவருக்குச் சில ரூபாய்தான் கூடியிருக்கும். நான் மாற்றிப் போட்ட பிறகு ஓட்ட நேரம் கண்கூடாக நீண்டது. இரண்டாவது, நேரடி நெருப்பின் மேல் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை எங்கும் இல்லாதது. உள்ளே இருப்பது நுரை, ஸ்பிரிட் விளக்கின் சூட்டில் அது உருகிவிடும். மூன்றாவதை நான் குறை என்பதைவிட மனத்தாங்கல் என்பேன். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-ல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி, காற்று போகும் வழியிலேயே அதன் சூட்டைப் பிடித்துவைத்துத் திரும்பும்போது கொடுக்கும் வெப்பச் சேமிப்பான். பெட்டியின்மேல் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், உள்ளே அந்தச் சேமிப்பானை மட்டும் வைக்கவில்லை.

மூன்றாம் மாதத்தில் கிராஃபைட் பிஸ்டன் என் கையிலிருந்து தவறி விழுந்து உடைந்தது. தவறு என்னுடையதுதான், ஆனால் மாற்றுப் பாகம் கேட்டு விற்பனையாளருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. லேத் பட்டறைக்குப் போனால், கிராஃபைட் தூள் மெஷினின் அடித்தளமான பெட்டில் இறங்கி அரித்துவிடும் என்று பட்டறைக்காரர் முதலில் தயங்கினார். "பழைய பேப்பரை விரிச்சு மூடிட்டுப் போடலாங்ணா" என்று நான் கெஞ்சியபின் ஒரு துண்டைச் சற்றுப் பெரிதாகவே கடைந்து கொடுத்தார். மிச்சத்தை நீரில்லாமல் மென்மையான உப்புத்தாளால் வீட்டில் தேய்த்தேன். எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, அதன் பிசுக்கே ஓட்டத்தை நிறுத்திவிடும். சிலிண்டரின் அடியை விரலால் மூடினால் பிஸ்டன் காற்றின்மேல் மிதந்து நிற்க வேண்டும். விரலை எடுத்தால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இரண்டு மாலைப் பொழுதுகள் தேய்த்தபின் அது இறங்கியது.